ஞாயிற்றுக்கிழமை மழை

பொட்டிப்புரத்தில் சீனிச்சாமியின் வீட்டை விசாரிப்பவர்கள் 'மழை நோட்டு வீடு' என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூட வழி காட்டிவிடும். அந்த வீட்டைவிட நிலம் அதிகம் உள்ள வீடுகள் ஊரில் நாலைந்து உண்டு. ஆனால் ஐம்பத்து நான்கு வருஷத்து மழையை ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருந்த வீடு அது ஒன்றுதான்.

மேற்கே மலைக்கு மேல், கேரள எல்லைக்குள், அவர்களுக்கு ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. சீனிச்சாமியின் அப்பா அங்கே ஒரு மழைமானியை நட்டுவைத்தார். தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்த நீரைக் கோடு போட்ட கண்ணாடியில் ஊற்றி அளந்து நோட்டில் எழுத வேண்டும். மை பேனாவில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. இது அப்பா வைத்த சட்டம். அவருக்குப் பின் சீனிச்சாமி எழுதினார். அவருக்குப் பின் அவர் மகன் ஈஸ்வரபாண்டி எழுதினான். மாதம் முடிந்ததும் அதைப் பிரதி எடுத்து மலைமேல் இருந்த விவசாயிகள் சங்கத்தில் கொடுப்பார்கள். அங்கே அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். மலையாளியும் தமிழனும் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

ஈஸ்வரபாண்டி மஞ்சள்காமாலையில் போய் ஒன்பது வருஷமாகிறது. கல்யாணம் செய்துகொள்ளாமலே போய்விட்டான். அவனுக்குப் பிறகு தோட்டத்தை நடத்த ஆளில்லை, விற்றுவிட்டார்கள். நோட்டுகள் மட்டும் மலையிறங்கி வந்து பீரோவுக்குள் அடுக்காக இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த நோட்டுகளைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒருத்தி பவானி, சின்னமனூர்ப் பெண், மதுரையில் ஒரு கல்லூரியில் நீரியல் சொல்லிக் கொடுப்பவள். இன்னொருவர் இம்மானுவேல், கட்டப்பனைக்காரர், அந்தப் பக்கத்தில் அதே வேலை. மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டப் போவதாக முன்பு வந்த விஞ்ஞானிகளை ஊர் மறந்திருக்கவில்லை. வந்திருப்பது விஞ்ஞானிகள் என்று கேள்விப்பட்டதுமே டீக்கடையில் பால்பாண்டி எழுந்து வந்து ஜீப்பை மறித்தார்.

"மலையைக் குடையிற ஆளுகளா நீங்க?"

"இல்லண்ணே. மழையை அளக்குற ஆளுக" என்றாள் பவானி.

"அளந்து என்னத்தா செய்யப் போறீக? பாட்டில்ல அடைச்சு விக்கவா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பால்பாண்டியே முன்னால் நடந்து வந்து சீனிச்சாமியின் வாசலில் அவர்களை விட்டுவிட்டு, "மாமா, உங்களுக்குத்தான் ஆளு வந்துருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். மலைமேல் பிறந்து, ஏலத்தோட்டங்களுக்குள் ஓடி, எல்லை தாண்டிப் பாறைகளில் விழுந்து, இந்தப் பக்கம் மூன்று கண்மாய்களை நிரப்பும் வட்டப்பாறை ஓடையின் குறுக்கே அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன அணை எழும்பியிருந்தது. அணைக்கு மேலே அவர்கள், கீழே நாம். தண்ணீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதில் பேச்சுவார்த்தை பத்து வருஷமாக நடந்தது, இரண்டு பக்கமும் வக்கீல்கள் வளர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் எந்தப் புண்ணியவான் யோசனையோ, இரண்டு மாநிலத்திலிருந்தும் இரண்டு விஞ்ஞானிகளைப் போட்டு, அவர்கள் மழையையும் ஓடையையும் கணக்குப் பார்த்து என்ன எழுதித் தருகிறார்களோ அதையே விதியாக வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டன. மழைக்கணக்குக்கு அந்த மலையில் வேறு நாதியில்லை. சீனிச்சாமி வீட்டு நோட்டு ஒன்றுதான்.

"சாரே, இந்த ரெஜிஸ்டரை ரெண்டு சர்க்காரும் சம்மதிச்சாச்சு" என்று இம்மானுவேல் சொன்ன அன்றைக்கு, சீனிச்சாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவர்தான். எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு அரசாங்கம் இந்தக் குடும்பத்தின் எழுத்துக்கு ஒத்துப்போகிறது. அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

போன மாசி மாதம் ஒரு மத்தியானம் அவர்கள் மறுபடி வந்தார்கள். மொக்கம்மாள் மோர் கொடுத்தாள். பவானி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல்லத் தயங்கினாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளு தாயி."

"பதினெட்டு வருஷத்துக்கு முந்தின நோட்டு. ஆவணியில இருந்து மார்கழி வரைக்கும் இருபத்தோரு ஞாயித்துக்கிழமை வருது. ஒரு ஞாயித்துக்கிழமைகூட மழை இல்ல. மத்த நாளெல்லாம் பெய்யிது. அதுக்கு முந்தியும் பிந்தியும் அப்படி இல்ல."

"ஞாயறாழ்ச மழைக்கும் லீவாக்கும்" என்று இம்மானுவேல் சிரித்தார்.

சீனிச்சாமி சிரிக்கவில்லை. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மொக்கம்மாளின் கை நின்ற சத்தம் அவருக்குக் கேட்டது.

"எங்களுக்கு ஒண்ணு தோணுச்சு" என்று பவானியே அடி எடுத்துக் கொடுத்தாள். "அந்த வருஷம் உங்க மகன் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு இறங்கி, திங்கக்கிழமை காலையில மேல போயிருப்பாரு. அப்பத் திங்கக்கிழமை அளவுலயே ரெண்டு நாள் மழையும் சேந்துருக்கும். அப்படித்தானே?"

"இருக்கும்" என்றார் சீனிச்சாமி.

அவ்வளவுதான். பவானியின் முகம் தெளிந்துவிட்டது. மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஜீப் தெருமுனையில் திரும்பியதும் மொக்கம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"சொல்லிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையா இருக்கு. நம்ம பையன் அப்ப அங்கன இல்லைன்னு சொன்னா என்ன, தலையையா எடுத்துரப் போகுது?"

"உள்ள போ."

அவள் போகவில்லை. "செத்தவனுக்கு இனிமே என்ன மானம்?" என்றாள்.

"அவனுக்கு இல்ல. இந்த வீட்டுக்கு இருக்கு" என்றார் அவர்.

அந்த ஆவணியில் ஈஸ்வரபாண்டிக்கு இருபத்தெட்டு வயது. தோட்டத்தில் தனியாக இருந்தவன் சாப்பிடுவதை விட்டான், பிறகு பேசுவதை விட்டான், பிறகு ஏலச்செடிகள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்று சொல்லத் தொடங்கினான். கங்காணி ஒச்சாண்டிதான் இறங்கிவந்து சீனிச்சாமியிடம் தனியாகச் சொன்னார். அப்போது மகள் ஜோதிலட்சுமிக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் பேசி முடித்திருந்தது. தை மாதம் கல்யாணம். அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு வார்த்தை அந்த ஊர்ப் பக்கம் போனால் பாக்குவெற்றிலை திரும்பி வரும். அதோடு நிற்காது, மூன்று தலைமுறைக்கு இந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். சீனிச்சாமி அப்படித்தான் கணக்குப் போட்டார். இரவோடு இரவாக மகனை மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார். ஊருக்கும் பெற்ற மகளுக்கும், காய் எடுக்கும் பருவம், அவன் தோட்டத்தைவிட்டு அசைய முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் நோட்டு இருந்தது. ஒரு மாதம் பிரதி போகாவிட்டால், என்ன ஆயிற்று என்று பார்க்கச் சங்கத்திலிருந்து ஆள் தோட்டத்துக்கு வந்துவிடும். ஒச்சாண்டி உயிர் போனாலும் வாய் திறக்காதவர், ஆனால் எழுத்து தெரியாதவர், கண்ணாடியின் கோடுகளைப் படிக்க வராது. ஆகவே சீனிச்சாமி நோட்டைக் கீழே கொண்டுவந்தார். சாயங்காலம் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் ஜீப்புகளை நிறுத்தி, "மேல மழை எப்படி?" என்று கேட்பார். நல்ல மழை என்றால் நாற்பது மில்லிமீட்டர். தூறல் என்றால் ஆறு, ஏழு. மகனின் சாய்ந்த கையெழுத்தைப் பழகிக்கொண்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடாது, ஆட்களுக்கு விடுமுறை. அன்றைக்கு முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவார். கேட்க ஆள் கிடையாது, எழுத நேரமும் கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து 'இல்லை' என்று எழுதி வைத்துவிடுவார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வட்டப்பாறை ஓடையில் வெள்ளம் வந்தது. கீழே ஊரில் தூறல்கூட இல்லை. ஓடைக்கரையில் இருந்த பால்பாண்டியின் மனைவி ஜக்கம்மா ஆடுகளை அவிழ்த்துவிடப் போனவள் திரும்பவில்லை. ஒரு மைல் தள்ளிக் கண்மாய் வாயில் முள்ளுக்குள் கிடந்தாள். சீனிச்சாமி அப்போது மதுரை பஸ்ஸில் இருந்தார். அன்று பொழுது சாய ஊர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'இல்லை' என்று காய்ந்த மை இருந்தது. மேலே பெய்யாமல் இப்படி வந்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு பெய்தது என்பது தெரியாது. அடித்து எழுத வேண்டும். அப்பா காலத்திலிருந்து அந்த நோட்டுகளில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது. அதோடு, அடித்த பக்கத்தைப் பார்த்தால் சங்கத்தில் கேள்வி வரும். மூடி வைத்துவிட்டார்.

மார்கழி கடைசியில் ஈஸ்வரபாண்டி தெளிந்து திரும்பினான். தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றான். மறுபடி தோட்டத்துக்குப் போய், சாகும்வரை ஒன்பது வருஷம் ஒழுங்காக அளந்து எழுதினான். ஒரே ஒரு தடவை கேட்டான். தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருந்தது, இருவரும் அடுப்பு முன்னால் நின்றிருந்தார்கள்.

"அப்பா, அந்த அஞ்சு மாசத்தை அடிச்சிரவா? நான் இல்லாத நாள்ல என் எழுத்து இருக்கு. பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

"நம்ம நோட்டுல அடித்தல் கிடையாது" என்றார் சீனிச்சாமி.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் எதையுமே இரண்டாம் தடவை கேட்கிற பிள்ளை இல்லை.

சித்திரை பிறந்து, வீரபாண்டித் திருவிழாவுக்குக் கம்பம் நடுவதற்கு முந்தின வாரம், கூட்டுக்குழு அறிக்கையைப் படித்துக் காட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் மேடையில் இருந்தார்கள். மூன்று கண்மாய் விவசாயிகளும் வந்திருந்தார்கள். சீனிச்சாமிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தினார்கள். வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அவர் உட்கார்ந்திருந்த விதத்தில், அந்த மண்டபமே அவர் வீட்டு விசேஷத்துக்கு எடுத்தது போல் இருந்தது.

பவானி படித்தாள். மொத்தம் ஏழு விதிகள். பங்குனி முதல் வைகாசி வரை வாரத்துக்கு இரண்டு நாள் கண்மாய்களுக்குத் தண்ணீர் விட வேண்டும். இதைக் கேட்டதும் கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது விதிகளும் நம் பக்கத்துக்கு நல்லவையே. நான்காவது வந்ததும் அவள் குரல் இறங்கியது.

"மேல கனமழை பெஞ்சா, மதகு திறக்கிறதுக்கு ஆறு மணி நேரம் முந்தியே கீழ உள்ள ஊருகளுக்குச் சொல்லணும்னு முதல்ல எழுதியிருந்தோம். அதை இப்ப எடுத்துட்டோம்."

"எதுக்கு எடுத்தீக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பால்பாண்டி எழுந்து நின்றார்.

அந்தப் பக்கத்து அதிகாரி ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு, திருத்தமான தமிழிலேயே பதில் சொன்னார். "ஐம்பத்து நான்கு வருஷ ரெக்கார்டில் மேலே பெய்த மழையால் கீழே வெள்ளம் வந்ததாக ஒரு சம்பவம்கூட இல்லை. இல்லாத ஆபத்துக்கு எங்கள் ஆட்களை இரவு பகலாக அணையில் காவல் வைக்க முடியாது."

"ஒரு சம்பவம் இல்லையா? எம் பொண்டாட்டி செத்தது சம்பவம் இல்லையா?" பால்பாண்டியின் குரல் உடைந்தது. "அன்னைக்கு இங்கன ஒரு பொட்டு மழை கிடையாதுய்யா. தண்ணி மேல இருந்துதான் வந்துச்சு. ஏலச்சருகும் தட்டையுமா, கறுப்பா வந்துச்சு. அவ முடியில இருந்து ஏலத்தட்டையை நான் என் கையால எடுத்துருக்கேன்."

பவானி தாளைப் புரட்டினாள். அவளுக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. "அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமை மேல மழை இல்லைன்னு நோட்டு சொல்லுது. திங்கக்கிழமை அளவு ரெண்டு நாளுக்கும் சேத்தே ஒன்பது மில்லிமீட்டர்தான். அந்த மழைக்கு அவ்வளவு தண்ணி வராதுண்ணே. வேற எங்கயோ கரை உடைஞ்சு வந்துருக்கும்னுதான் எடுத்துக்கிட்டோம்."

"எந்த நோட்டு?"

"சீனிச்சாமி அய்யா வீட்டு நோட்டு."

பால்பாண்டி முன்வரிசையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா வீட்டு நோட்டுல இருந்தாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் சீனிச்சாமி தாங்கியிருப்பார். தன் கண்ணால் கண்டதை, தன் கையால் எடுத்ததை, அந்த மனிதர் இந்த வீட்டு எழுத்துக்காகப் பொய் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். ஓடைக்கரையில் இன்றும் பதினோரு வீடுகள் இருக்கின்றன. மேலே இப்போது அணையும் இருக்கிறது.

மேடையில் ஐந்தாவது விதியைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். சீனிச்சாமி எழுந்தார். சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"அந்த அஞ்சு மாசமும் மேல யாரும் மழையை அளக்கல. நான் இங்கன உக்காந்து எழுதுனேன்."

மண்டபம் விளங்காமல் பார்த்தது. "என்ன சொல்றீக?" என்றார் நம் பக்கத்து அதிகாரி.

"எம் மகனுக்கு மனசு சரியில்லாமப் போச்சு. மதுரையில ஆஸ்பத்திரியில வச்சிருந்தேன். ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு அவன் எழுத்து மாதிரி நான் எழுதுனேன். ஜீப்புக்காரங்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதுனது. ஞாயித்துக்கிழமை அவனைப் பாக்கப் போயிருவேன். அதுக்கு முந்தின நாளே மழை இல்லைன்னு எழுதி வச்சிருவேன். பால்பாண்டி சொல்றதுதான் நிசம். நோட்டு பொய்."

அவர் நினைத்தது, நான்காவது விதி திரும்ப வந்துவிடும் என்று. அவமானம் தனக்கு, பாதுகாப்பு ஓடைக்கரைக்கு என்று நினைத்தார்.

அந்தப் பக்கத்து அதிகாரிதான் முதலில் எழுந்தார். "ஐந்து மாசம் பொய் எழுதியவர்கள் ஐம்பது வருஷம் எழுதவில்லை என்பதற்கு என்ன ருசு? இந்த ரெக்கார்டே செல்லாது. இதை வைத்து எழுதிய ஏழு விதியும் செல்லாது."

"சார், ஒரு நிமிஷம்" என்று பவானி குறுக்கே வந்தாள். "தப்பு எங்கெங்க இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு. அந்த அஞ்சு மாசத்தை எடுத்துட்டு மத்ததை வச்சு..."

"கோர்ட்டில் இது நிற்காது மேடம்" என்றார் நம் பக்கத்து அதிகாரி. அவருக்கும் தன் தலை மேல் பழி வரக்கூடாது. "நாங்களும் இதை ஏற்க முடியாது."

இரண்டு மாநிலமும் அன்றைக்கு ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். கோப்புகளைக் கட்டினார்கள். இம்மானுவேல் மேடையின் ஓரத்தில் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடைத் தண்ணீருக்குக் கைதட்டிய விவசாயிகள் எழுந்து வெளியே போனார்கள். சீனிச்சாமியைக் கடந்து போனவர்களில் ஒருவர்கூட ஏசவில்லை. எப்போதும் சொல்லும் "வாரேன் பெரியவரே"யும் இல்லை.

வாசலில் பவானி வந்து பக்கத்தில் நின்றாள். அழுதிருந்தாள்.

"அய்யா, மாசியில நான் கேட்டப்பவே சொல்லிருக்கலாமே. அந்த அஞ்சு மாசம் அளக்கலைன்னு ஒரு வார்த்தை. ஏன்னுகூட நாங்க கேட்டிருக்க மாட்டோம். விட்டுப்போன நாள் இல்லாத ரெஜிஸ்டரே உலகத்துல கிடையாது. வெத்து இடம்னு போட்டுட்டு மேல போயிருப்போம். அந்த ஞாயித்துக்கிழமைக்குப் பால்பாண்டி அண்ணன் சொன்னதையே சாட்சியா எழுதியிருப்போம்."

சீனிச்சாமி அவளைப் பார்த்தார். வெற்றிடம் விடலாம் என்பது அவருக்குத் தெரியாது. வெற்றிடம்தான் அவமானம் என்று எழுபத்தாறு வயது வரை வாழ்ந்துவிட்டார்.

"இனிமே என்ன செய்யணும் தாயி?"

"மேல புதுசா மழைமானி வச்சு அளக்கணும். பத்து வருஷமாவது கணக்கு வேணும். அதுக்கு ரெண்டு பக்கமும் மறுபடி கையெழுத்துப் போடணும்."

பால்பாண்டி கடைசியாக வெளியே வந்தார். சீனிச்சாமிக்கு எதிரில் வந்து நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை.

"அன்னைக்கு அவளைத் தூக்கும்போது உங்களைத் தேடுனேன் மாமா. எஸ்டேட்டுக்குப் போயிருக்காகன்னு அத்தை சொன்னாக."

"மதுரைக்குப் போயிருந்தேன்."

"ம்." பால்பாண்டி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "ஈசுவரனுக்கு என்ன சீக்குன்னு சொல்லிருந்தா, நான் ஊரெல்லாம் தம்பட்டமா அடிச்சிருப்பேன்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஓடைப்பட்டியிலிருந்து ஜோதிலட்சுமி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். யார் மூலமாகவோ செய்தி அவளுக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்திருந்தது. வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே நடுவீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"எங் கல்யாணத்துக்காகவா அண்ணனை ஒளிச்சு வச்சீக?"

அவர் எழுந்து நின்றார்.

"பரிசம் போட்ட அன்னைக்கு அண்ணன் வரலைன்னு நான் எத்தனை ஏச்சு ஏசினேன் தெரியுமா? தங்கச்சியவிட ஏலக்காய் பெரிசாப் போச்சான்னு கேட்டேன். கல்யாணத்தன்னைக்கு எம் பக்கத்துல வந்து நின்னப்ப முகத்தைத் திருப்பிக்கிட்டேன். ரெண்டு வருசம் அவுககூடப் பேசலப்பா நான். அவுக ஒரு வார்த்தை சொல்லலையே. நீங்களும் சொல்லலையே."

"உன் மாமியார் வீட்டுல..."

"எம் மாமியாரா? நேத்து ராத்திரி அவுகதான் எனக்குச் சோறு ஊட்டுனாக. அவுக கூடப்பொறந்த தம்பிக்கும் அதே சீக்காம். வத்தலக்குண்டுல வச்சு வைத்தியம் பாத்தாகளாம். உங்க அப்பாகிட்டச் சொன்னா சம்பந்தம் வேண்டாம்னுருவாருன்னு அவுகளும் மறைச்சிட்டாகளாம்."

மொக்கம்மாள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜோதிலட்சுமி அம்மாவிடம் போனாள். அங்கே அண்ணன் எப்படி இருந்தான், யார் சோறு போட்டார்கள், தன்னைப் பற்றிக் கேட்டானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மொக்கம்மாள் தெரிந்ததைச் சொன்னாள். அவளும் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் கேட்கும் என்று சீனிச்சாமி ஒரு ஞாயிறுகூடக் கூட்டிப் போகவில்லை. பெற்றவளும் உடன்பிறந்தவளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு செத்தவனுக்காக, அப்போதுதான் நடுவீட்டில் கிடத்தியிருப்பது போல வாய்விட்டு அழுதார்கள்.

அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு மகாலட்சுமி ஈரக்கையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டில் இருந்தும் இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் விழித்தார்கள்.

"என்ன சித்தப்பா? யாருக்கு என்ன?"

சீனிச்சாமி கதவின் பக்கம் நடந்தார். இத்தனை காலம் இப்படி யாராவது எட்டிப் பார்த்தால் கதவைச் சாத்திவிடுகிறவர், இரண்டு பலகையையும் அகலத் திறந்து வைத்தார்.

"எம் மகனுக்கு, ஆத்தா" என்றார். "உள்ள வாங்க. சொல்றேன்."

பெண்கள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவரும் அவர்களுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். ஒச்சாண்டி மலையிறங்கி வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.